மாயமல்ல, தச்சு வேலை

ஆசிரியருக்கு,

லண்டன் திருடன் ஜாக் ஷெப்பர்டு 1724 அக்டோபர் 15 அன்று நியூகேட் சிறையிலிருந்து தப்பியதை உங்கள் கட்டுரை ‘மாயம்’ என்கிறது. அது அவன் கைத்தொழிலுக்குச் செய்யும் அநியாயம். ஷெப்பர்டு தச்சுவேலை பழகியவன். பூட்டும் சுவரும் எங்கே இளகும் என்று அவனுக்குத் தெரியும்.

கைவிலங்கைக் கழற்றினான். தரையோடு பிணைத்திருந்த பூட்டை ஒரு வளைந்த ஆணியால் திறந்தான். கால்களுக்கிடையே இருந்த சங்கிலியில் ஒரு கண்ணியை முறுக்கி உடைத்தான். கால்விலங்கு மட்டும் கழலவில்லை. புகைபோக்கிக்குள் ஏறினால் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. உடைந்த கண்ணியால் சாந்தைச் சுரண்டி, கற்களைப் பெயர்த்து, கம்பியை உருவினான். அதன்பின் அந்தக் கம்பிதான் அவனுக்குக் கடப்பாரை. மேல்மாடி அறை, சிறையின் வழிபாட்டுக்கூடம் என்று ஒவ்வொரு கதவாக நெம்பிக் கூரைக்கு வந்தான்.

அங்கேதான் சிக்கல். பக்கத்து வீட்டுக் கூரை குதிக்க முடியாத ஆழத்தில் இருந்தது. குதித்திருந்தால் கால் முறிந்திருக்கும். ஆகவே வந்த வழியே இருட்டில் இறங்கி, தன் கொட்டடியிலிருந்த போர்வையை எடுத்துவந்து, அதைப் பிடித்து இறங்கினான். அந்த நிதானத்தைத்தான் கட்டுரை விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஆண்டில் அது அவனுடைய நான்காவது தப்பித்தல். இரண்டே வாரத்தில் குடிபோதையில் பிடிபட்டான். நவம்பர் 16 அன்று லண்டனின் தூக்குமேடை இடமான டைபர்னில் தூக்கிலிடப்பட்டபோது அவனுக்கு வயது 22.

– வாசகர், திருச்சி