வெந்நீர் ஊற்றும் வெள்ளைத் திருக்கையும்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள் என்ற வரியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். மகளை இனியாவது நிம்மதியாகத் தூங்கச் சொல்.

நல்ல சேதி வரும்வரை மனசு எதிலும் ஒட்டவில்லை. அப்போது ஒரு மீனைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, அதிலேயே மூழ்கிப் போனேன். ஆழ்கடலில் வாழும் வெள்ளைத் திருக்கை. 1941-லேயே அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள்: பாத்திராஜா ஸ்பைனோசிசிமா. ஆனால் கண்ணில் படுவதே அபூர்வம்.

வாலால் கொட்டும் திருக்கை குட்டி போடும். இது முட்டையிடும் இனம். முட்டை தட்டையான தோல்பை மாதிரி, நான்கு மூலையிலும் கொம்பு நீட்டிக்கொண்டு இருக்கும். உள்ளே மஞ்சள் கருவைக் கொண்டே குஞ்சு வளரும். ஓரளவு வளர்ந்ததும் பையில் சின்னக் கீறல்கள் திறந்துகொள்ளும். குஞ்சு வாலை ஆட்டி ஆட்டி வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும். அதற்கு மூச்சுக்காற்று அதுதான். குளிர்ந்த கடலில் இந்த வளர்ச்சி அவ்வளவு மெதுவாக நடக்கும். அலாஸ்கா திருக்கையின் முட்டை பொரிய மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று வருடம், சுந்தரம்!

2015-ல் பசிபிக் கடலில் உள்ள காலபகோஸ் தீவுகளுக்கு அருகே, ஹெர்குலிஸ் என்ற ஆளில்லா நீர்மூழ்கி 1,600 மீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே கரும்புகை போலக் கக்கும் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி 157 முட்டைப் பைகள் கிடந்தன. பாதிக்கு மேல் ஊற்றிலிருந்து 20 மீட்டருக்குள்ளேயே. நான்கை எடுத்துவந்து டிஎன்ஏ பார்த்துத்தான் வெள்ளைத் திருக்கையுடையவை என்று கண்டுபிடித்தார்கள். பத்துக்கு ஒன்பது, சுற்றியுள்ள கடலைவிடச் சற்றே சூடான தண்ணீரில் இருந்தன. வேகிற சூட்டில் இல்லை; குளிர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற இடத்தில். குஞ்சு சீக்கிரம் பொரியட்டும் என்றே தாய் அந்த இடத்தைத் தேடிப் போகிறது என்பது 2018-ல் ஆய்வாளர்கள் சொன்ன கருத்து. எரிமலைச் சூட்டில் முட்டையைப் புதைக்கும் பறவை உண்டு. கடல் உயிர் ஒன்று இப்படிச் செய்வதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

கோழி மாதிரி உட்கார்ந்து அடைகாக்க அதற்கு வழியில்லை. தோதான இடமாகப் பார்த்து விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அந்த ஊற்றுகளின் தாதுக்களைத் தோண்டி எடுக்கலாம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தொட்டிலையே பெயர்க்கிற வேலை அது. எனக்கு ஆறவே இல்லை.

பேத்தி இப்போது என்ன எடை இருக்கிறாள்? பெயர் வைத்தாயிற்றா? உடனே எழுது.

அன்புடன்,
கணேசன்