சொன்னதும் குற்றப்பத்திரிகையில் ஏறியதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் என்றாலே யார் மீது பிடிவாரண்ட் என்பதோடு நம் செய்திகள் நின்றுவிடுகின்றன. பாதிக்கப்பட்டவர்களை அங்கே வழக்குத் தொடுநர் எப்படி நடத்துகிறார் என்றும் எழுதுங்கள்.

நான் 29 ஆண்டுகள் நீதிமன்றத் தட்டச்சராக இருந்தவள். ஒருநாள் சாட்சிக் கூண்டில் ஓர் அம்மா தன் மகளுக்கு நடந்த இன்னொரு கொடுமையையும் சொல்ல ஆரம்பித்தார். அரசு வழக்கறிஞர் கையை உயர்த்தி, "அதெல்லாம் வேண்டாம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். என் விரல் அப்படியே நின்றது. மதியம், சாட்சிப் படி வாங்க வந்தவர் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, நான் சொன்னத டைப் அடிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காங்கோவின் இதூரிப் பகுதிச் சிறுமிகளைப் பற்றிப் படித்தபோது அந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார். ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்கா மீதான வழக்குதான் அந்த நீதிமன்றத்தின் முதல் விசாரணை. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் சண்டையில் இறக்கியதும் மட்டுமே குற்றச்சாட்டு. ஆனால் 2009 ஜனவரியில், தொடக்க உரையிலேயே, முகாம்களில் சிறுமிகள் வன்புணரப்பட்டதை வழக்குத் தொடுநர் லூயிஸ் மொரேனோ ஒகாம்போ பேசினார். சாட்சிகளும் சொன்னார்கள். குற்றப்பத்திரிகையில் மட்டும் அது ஏறவில்லை.

பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர்களே சேர்க்கச் சொல்லி மனு போட்டார்கள். விசாரணை அமர்வில் பெரும்பான்மை நீதிபதிகள் வழிவிட்டார்கள். அந்த டிசம்பரிலேயே மேல்முறையீட்டு அமர்வு அதை ரத்து செய்தது. அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனப்படி, பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கருத்தையும் கவலையையும் சொல்லலாம். எந்தக் குற்றத்துக்கு வழக்கு என்பது தொடுநர் கையில். இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர்களாகப் பங்கேற்ற 129 பேரில் 34 பேர் பெண்கள்.

2012இல் லுபாங்காவுக்கு 14 ஆண்டு சிறை. பாலியல் கொடுமையைப் பேசிவிட்டு, அதற்குக் குற்றச்சாட்டைச் சேர்க்க முயலாத ஒகாம்போவை நீதிபதிகள் கண்டித்தார்கள். கண்டித்து என்ன? 2015இல் இழப்பீடு பற்றிய மேல்முறையீட்டுத் தீர்ப்பில், பாலியல் வன்முறைக்கு லுபாங்காவைப் பொறுப்பாக்க முடியாது என்றாகிவிட்டது. குற்றப்பத்திரிகையில் விட்டுப்போன ஒன்று, அந்தக் கொடுமைக்காக லுபாங்காவிடம் இழப்பீடு கேட்கும் அந்தப் பெண்களின் உரிமையையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது.

முதல் வழக்கு, கையில் ஆதாரம் இருந்ததை வைத்துப் போட்டார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். சரி. ஆனால் அதே குழுவின் தளபதி போஸ்கோ என்டகாண்டா மீதான வழக்கில், சொந்தப் படையிலிருந்த சிறுமிகளை வன்புணர்ந்ததும் பாலியல் அடிமைகளாக வைத்திருந்ததும் குற்றச்சாட்டாகச் சேர்க்கப்பட்டன. 2019இல் நிரூபணமாகி அவருக்கு 30 ஆண்டு சிறை. அப்படியானால் முதலிலேயே அந்தச் சிறுமிகள் சொன்னதை உட்கார்ந்து கேட்டிருக்கலாம் அல்லவா?

பாதிக்கப்பட்டவர் சொல்வதையெல்லாம் தொடுநர் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆதாரம் போதாத இடங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். விடுவதென்றால் அவர்கள் ஊருக்குப் போய், அவர்கள் மொழியில், முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்லட்டும். அதுவும் தீர்ப்புக்குப் பிறகு அல்ல, குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்பே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர்,
கோவில்பட்டி.