அது பொம்மை வயலின் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிம்பொனிக் பிளாக் மெட்டல் பற்றி, அதாவது அலறல் குரலும் அதிவேக கிடாரும் டிரம்ஸும் கொண்ட மெட்டல் இசையோடு ஆர்கெஸ்ட்ரா சாயலைச் சேர்க்கும் வகை பற்றி, வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். இந்த இசைக்கு ஒரு தமிழ் இதழ் நான்கு பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நார்வே நாட்டின் எம்பெரர் குழு வெளியிட்ட ‘இன் த நைட்சைட் எக்லிப்ஸ்’ ஆல்பத்தைப் பற்றிய பத்தி என்னைத் தூங்கவிடவில்லை. ஆர்கெஸ்ட்ராவுக்குக் காசில்லாத பையன்கள் சின்தசைசரில் பொம்மை வயலின் வாசித்து ஒப்பேற்றிய வேலை என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது தவறு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பத்தொன்பது வருடமாகத் திண்டுக்கல் பக்கம் மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். ராஜா சார் பாட்டில் சரணத்துக்கு முன்னால் வயலின் கூட்டம் ஒன்று எழும்பி வருமே, அதை ஒற்றை ஆளாக இரண்டு கையில் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. ஸ்ட்ரிங்ஸ் டோன் எந்த இடத்தில் வயலின் மாதிரி நடிக்கிறது, எந்த இடத்தில் நடிப்பை விட்டுத் தானாக நிற்கிறது என்பது என் விரலுக்குத் தெரியும்.

அந்த ஆல்பத்தைப் பதிவு செய்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1993 ஜூலையில், பெர்கன் நகரத்து கிரீக்ஹாலனில் பதிவானது. இசைமேதை எட்வர்ட் கிரீக்கின் பெயர் தாங்கி 1978இல் திறக்கப்பட்ட கச்சேரி மண்டபம் அது. 1765இல் தோன்றிய பெர்கன் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுக்கு அதுதான் வீடு. அதே கட்டடத்து ஸ்டூடியோவில், பிட்டன் என்று எல்லோரும் அழைக்கும் எய்ரிக் ஹுண்ட்வின் ஒலிப்பதிவு செய்ய, நோட்டோடன் என்ற சிற்றூரில் உருவான குழு வாசித்தது. நால்வரில் ஒருவருக்கும் இருபது வயது நிரம்பவில்லை. பாடி, கிடாரும் கீபோர்டும் வாசித்த இசானுக்குப் பதினேழு. ஆர்கெஸ்ட்ரா குடியிருக்கும் கூரையின் கீழேயே இருந்துகொண்டு, அதைப்போல ஒலிக்க அவர்கள் முயலவே இல்லை என்பதுதான் என் வாதம்.

எப்படி என்று சொல்கிறேன். இந்த இசையில் கிடாரை டிரெமலோவாக மீட்டுவார்கள். ஒரே ஸ்வரத்தை மேலும் கீழுமாகப் படுவேகத்தில் தட்டிக்கொண்டே இருப்பது. அதன்மேல் டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பு ஏறியதும் தனித்தனித் தட்டுகள் கரைந்து ஒரே நீண்ட இரைச்சலாகிவிடும். டிரம்ஸும் அப்படித்தான். பிளாஸ்ட் பீட் என்கிற இடைவிடாத அதிவேக அடி ஒரு வேகத்தைத் தாண்டியதும் காது எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. அப்புறம் கேட்பவருக்கு அசைவாகத் தெரிவது ஒன்றுதான்: கீபோர்டு பிடித்திருக்கும் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, எப்போது மாறுகிறது என்பது. அதுவோ நிதானமாக மாறுகிறது. கீழே ஓட்டம், மேலே நிதானம். நாகஸ்வரக்காரர் மேல் ஷட்ஜத்தில் மூச்சைப் பிடித்து நிற்க, இரண்டு தவிலும் பின்னிக்கொண்டு ஓடுவதைக் கோயில் வாசலில் கேட்டவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

இந்த இடத்துக்கு நிஜ வயலின் தேவைப்படவில்லை. நிஜ வயலினில் வில் திரும்பும், விரல் நடுங்கும், பக்கத்து வயலினிலிருந்து இம்மியளவு விலகும். அந்த உயிர்ப்புதான் அதன் அழகு. சின்தசைசரின் ஸ்ட்ரிங்ஸும் கோரஸும் வேறு. மெல்ல எழும்பும், எழும்பியபின் அசையாது, விட்டபிறகும் வால் நீண்டுகொண்டே போகும். பனிமூட்டத்துக்கு அந்தக் குணம்தான் வேண்டும். ‘காஸ்மிக் கீஸ்’, ‘பிளாக் விசார்ட்ஸ்’ இரண்டு பாடல்களும் ஆல்பத்துக்கு முன்பே, 1993இல் இதே குழு சில பாடல்களோடு வெளியிட்ட சிறு தட்டிலேயே (ஈ.பி.) இருக்கின்றன. அதில் கரடுமுரடாக, நம் கிட்டத்தில் நின்று ஒலிக்கும். ஆல்பத்தில் அதே பாடல்கள் மலைக்கு அப்பாலிருந்து வருகின்றன. நெக்ரோலார்ட் வரைந்த அட்டையின் அந்த இரவும் மலையும் கோட்டையும் காதுக்குள் வந்துவிடுகின்றன.

நிஜ ஆர்கெஸ்ட்ராவோடு செய்தவர்களும் உண்டு. நார்வேயின் இன்னொரு குழுவான டிம்மு போர்கிர் 2003இல் பிராக் பில்ஹார்மோனிக்கோடு ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள். 2011இல் ஆஸ்லோவில் வானொலி ஆர்கெஸ்ட்ராவையும் பாடகர் குழுவையும் மேடையேற்றினார்கள். பிரமாண்டம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே மெட்டல் ஒரு பக்கம், ஆர்கெஸ்ட்ரா ஒரு பக்கம் என்று இரண்டு படைகள் எதிரெதிரே நிற்பதாகவே எனக்குக் கேட்கிறது. எம்பெரரில் கிடார் எங்கே முடிகிறது, கீபோர்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. 2025 மார்ச்சில் ராஜா சார் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றிய பிறகு அந்தச் சொல் நம் வீடுகளில் எல்லாம் புழங்குகிறது, நல்ல விஷயம். அந்த அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்து, குறைகிறது என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு வரியும் என்னை வருத்தியது. அந்தப் பையன்களின் ‘இளமைக் கொந்தளிப்பு’ என்று எழுதிக் கடந்துபோயிருக்கிறார். ஆசிரியர் அவர்களே, அது கொலை. டிரம்ஸ் வாசித்த ஃபாவுஸ்ட் 1992இல் லில்லஹாமரில் ஒரு தன்பாலின ஈர்ப்புள்ள மனிதரைக் கத்தியால் குத்திக் கொன்றார். பதிவு நடந்தபோது அந்தக் குற்றம் நடந்து முடிந்திருந்தது, கைது ஆகவில்லை. பிறகு 14 ஆண்டு தண்டனை கிடைத்தது. கிடார் வாசித்த சமோத் தேவாலயம் எரித்த வழக்கில் சிறை சென்றார். இருபது வருடமாக இந்த ஆல்பத்தை நேசிக்கிறேன். அந்த டிரம்ஸைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் இறந்துபோனவரின் நினைவும் வருகிறது; வரத்தான் வேண்டும். இசையைப் பாராட்டுவதற்காக அந்தச் சொல்லை மென்மையாக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. ஆல்பத்தின் இறுதிப் பாடலில் இசான் அலறலை விட்டுத் திறந்த குரலில் பாடுகிற இடத்தை என் கீபோர்டில் கொண்டுவர மூன்று இரவு உட்கார்ந்தேன். ஆறு டோன் மாற்றிப் பார்த்தேன். வெறும் கல்யாண மண்டபச் சத்தம்தான் வந்தது. நான்காம் நாள் எங்கள் குழுவின் கிடார்காரத் தம்பியை டிஸ்டார்ஷன் பெடலோடு வரச் சொல்லி, அதே ஸ்வரங்களை விடாமல் டிரெமலோ அடிக்கச் சொன்னேன். முதலில் வைத்திருந்த சாதாரண ஸ்ட்ரிங்ஸ் டோனையே போட்டுக் கார்டைப் பிடித்தேன். வந்துவிட்டது. “அண்ணே, நீங்க கைய எடுத்தா என் கிடாரே காணாமப் போகுது” என்றான் தம்பி. கட்டுரையாளர் திண்டுக்கல் பக்கம் வந்தால் தகவல் சொல்லுங்கள். இருவருமாக வாசித்துக் காட்டுகிறோம்.

அன்புடன்,
தங்கள் வாசகன்,
திண்டுக்கல்