நான் கையெழுத்துப் போடாத கடிதம்: சனிக்கிழமை கோல்ஃப் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

திடல் நிர்வாகத்துக்கு நம் குழுவின் பெயரில் போகவிருக்கும் ஆட்சேபக் கடிதத்தில் 31 கையெழுத்து இருக்கிறது. என்னுடையது இல்லை. "சார், விட்டுப்போச்சா?" என்று இரண்டு பேர் போன் போட்டுக் கேட்டுவிட்டார்கள். விட்டுப்போகவில்லை, வேண்டுமென்றேதான் போடவில்லை. வாட்ஸாப்பில் விளக்கப் போனால் நடுவில் குட்மார்னிங் ரோஜாப்பூ வந்து விழும். அதனால்தான் இந்த மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் சார்லட் நகரத்துப் பக்கத்தில் நாம் வாராவாரம் ஆடுகிற பொதுத் திடலை, அக்டோபரில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நமக்கு மூடிவிட்டு, அங்கே டிஸ்க் கோல்ஃப் போட்டி நடத்த அனுமதி கேட்டிருக்கிறார்கள். பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. கணக்கெல்லாம் நம் கணக்கேதான்: பார் (ஒரு குழியை இத்தனை தடவையில் முடிக்க வேண்டும் என்ற இலக்கு), பேர்டி (அதற்கு ஒன்று குறைவு), போகி (ஒன்று கூடுதல்). ஆள் குறுக்கே வந்தால் அவர்களும் "ஃபோர்!" என்றுதான் கத்துகிறார்கள்.

நம் கடிதம் மூன்று காரணம் சொல்கிறது. புல் பாழாகும், விளையாட்டின் கௌரவம் கெடும், நமக்கு டீ டைம் (ஆட்டம் தொடங்க முன்பதிவு செய்யும் நேரம்) போகும். மூன்றாவது நியாயம். இரண்டாவதைப் பற்றிப் பேசவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் பேசுகிறேன். முதலாவதுதான் கடிதத்தின் தலைப்பிலேயே இருக்கிறது, அதுதான் தப்பு.

குழி இருக்கும் பகுதியான கிரீனில் புல்லை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். கம்பளம் மாதிரி இருக்கும் அந்தப் பரப்பில் 170 கிராம் தட்டு விளிம்பால் குத்தி இறங்கினால் தழும்பு விழும். மறுக்கவில்லை. அது போட்டி நடத்துகிறவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கோல்ஃப் திடலில் ஆடும்போது கூடையை கிரீனில் நடுவதில்லை. தள்ளி, மரத்தடியிலோ மேட்டிலோ ஃபேர்வே (தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள புல்வெளி) ஓரத்திலோ வைக்கிறார்கள். தப்பித் தவறி தட்டு கிரீனில் போய் விழுந்தால் அதற்கும் விதி இருக்கிறது. கிரீன் முழுவதையும் ஓபி (எல்லைக்கு வெளியே) என்று அறிவித்து ஒரு வீச்சு அபராதம் போடலாம், அல்லது அபராதமில்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு வரச் சொல்லலாம். எப்படியானாலும் கிரீனில் நின்று வீச முடியாது. நம் கிரீன்களுக்கு அந்த மூன்று நாளும் லீவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வீச்சு வீசும் இடத்தில் நாலடி ஓடிவந்து வீசுவார்கள், அதனால் புல்மேல் விரிப்பு போட்டுத்தான் ஆடுவார்கள். ஃபேர்வேயில் தட்டு வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். நாம் என்ன செய்கிறோம்? ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையை இறக்கி, உள்ளங்கை அகலத்துக்கு மண்ணோடு பெயர்த்து எறிகிறோம். பாதிப் பேர் அந்த டிவட்டைத் திரும்ப வைப்பதுகூட இல்லை. (யார் என்று சொல்லவில்லை. பதினோராம் ஹோலில் போய்ப் பார்த்தால் தெரியும்.) திடல்காரர்களே ஏரேஷன் என்று ஆயிரக்கணக்கான ஓட்டை போட்டு மணல் தூவுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் முணுமுணுத்துக்கொண்டே ஆடுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று. நம் ஃபேர்வேயில் இருக்கும் பெர்முடா புல் யார் தெரியுமா? நம் ஊர் அருகம்புல்லின் கலப்பு வாரிசு. பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே குடும்பம். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று கல்யாணத்தில் வாழ்த்துவது சும்மா இல்லை. மிதித்தாலும் வெட்டினாலும் கணுவுக்குக் கணு வேர்விட்டு மறுபடி வரும். அக்டோபரில் இங்கே குளிர் தொடங்குவதால் வளர்ச்சி மட்டுப்படும் என்பது மட்டும் கவலைக்குரியது. அந்தக் கவலையைத்தான் நம் கடிதம் சொல்லியிருக்க வேண்டும்.

ஏனென்றால் புல்லைக் கெடுப்பது தட்டு இல்லை, கால். போன வருஷம் என் மகளோடு ராக் ஹில்லுக்குப் போனேன். இங்கிருந்து அரை மணி நேரம். வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் 1999 முதல் அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடக்கிறது. எங்கு பார்த்தாலும் மஞ்சள் கயிறு. கயிற்றுக்கு அப்பால் தட்டு போனால் ஓபி. பதினேழாவது ஹோலில் கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கிக் கோட்டை கட்டியிருந்தார்கள். வீரர்கள் வீசி நடந்துபோன இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பார்வையாளர்கள் நின்ற ஓரத்தில் மட்டும் புல் சப்பளிந்து கிடந்தது. மழை பெய்திருந்தால் சேறுதான். அங்கே என் கண்ணில் பட்ட ஒரே சேதம் அது. அதற்கு மருந்தும் உண்டு: நிற்கும் இடத்தை நாளுக்கு நாள் மாற்றுவது, பார்வையாளர் எண்ணிக்கைக்கு வரம்பு, ஈரத்தில் வண்டி இறக்கக் கூடாது என்ற நிபந்தனை. மழை நாளில் நிறுத்துகிற அதிகாரம் போட்டி நடத்துகிறவரிடம் இருக்கக் கூடாது, புல்லைப் பார்த்துக்கொள்கிற மனிதரிடம் இருக்க வேண்டும்.

நாம் எழுதாமல் விட்ட பெரிய விஷயம் வேறு. போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சிக்கு ஆட்கள் வருவார்கள். அப்போது திடல் நமக்கும் திறந்திருக்கும். நம் பந்து 46 கிராம்தான், ஆனால் நன்றாக அடிக்கிறவர் அடித்தால் மணிக்கு 240, 250 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். தட்டு பெரும்பாலும் அதில் பாதி வேகம்கூட வராது, ஆனால் எங்கிருந்து வளைந்து வரும் என்று நமக்குக் கணிக்கத் தெரியாது. ஒரே ஃபேர்வேயில் இரண்டும் சேர்ந்து பறக்கக் கூடாது. பயிற்சிக்குத் தனி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. ஆனால் 31 பேர் கையெழுத்திட்ட கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "சின்னப் பசங்க விளையாட்டு" என்று மட்டும் இரண்டு இடத்தில் வருகிறது.

இது புதுசும் இல்லை. கான்சஸ் மாநிலத்து எம்போரியா ஒரு சின்ன ஊர். அங்கே கன்ட்ரி கிளப் திடலில்தான் 2022 டிஸ்க் கோல்ஃப் உலகப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. பால் மெக்பெத் என்ற வீரர் பிளேஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில்) வென்று ஆறாவது உலகப் பட்டம் வாங்கியது அங்கேதான். ஆரெகனில் போர்ட்லண்ட் ஓபன் என்ற டிஸ்க் கோல்ஃப் போட்டி, கிளெண்டோவியர் என்கிற பொது கோல்ஃப் திடலில் நடந்திருக்கிறது. லாஸ் வேகஸ் சேலஞ்ச் என்ற போட்டி பக்கத்து ஹென்டர்சனில் வைல்ட்ஹார்ஸ் கோல்ஃப் கிளப்பில் நடந்தது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கோல்ஃப் திடலில் ஆடுவது டிஸ்க் கோல்ஃப்காரர்களிலேயே பலருக்குப் பிடிக்காது. அவர்களுக்குக் காடு வேண்டும், இரண்டு மரத்துக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் வீச வேண்டும். நம் திடல் அவர்களுக்கு வெட்டவெளி, கயிறு கட்டிச் சிரமத்தைச் செயற்கையாக உண்டாக்க வேண்டிய இடம். பிறகு ஏன் வருகிறார்கள்? கார் நிறுத்த இடம், கழிப்பறை, கேமராவுக்கு மறைப்பில்லாத பார்வை. நம்மிடம் இருப்பதிலேயே கவர்ச்சி குறைந்த பொருள்களுக்காகத்தான் வாடகை தருகிறார்கள். அந்தப் பணம் எவ்வளவு, எதற்குப் போகும் என்று கேட்டு வாங்குங்கள். நான் தண்ணீர்க் குழாய்க்கு என்று சொல்வேன்.

கௌரவத்துக்கு வருகிறேன். பள்ளி நாளில் கிண்டி ரேஸ் கோர்ஸ் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், உள்ளே வெள்ளைத் தொப்பி போட்டு கோல்ஃப் ஆடுகிறவர்களை எட்டிப் பார்ப்பேன். அது நமக்கான இடமில்லை என்று யாரும் சொல்லித் தரவில்லை, தானே தெரிந்தது. இந்த ஊரில் முதல் தடவை கிளப்ஹவுஸுக்குள் நுழைந்தபோது என் சட்டைக் காலரைத்தான் முதலில் பார்த்தார்கள். உங்களில் பலருக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது, பார்பிக்யூ அன்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இன்று நாம் அரை டிரவுசரையும் கையில்லாத பனியனையும் காட்டி எழுதுகிறோம். அந்த வரியை எடுத்துவிடுங்கள். அந்த ஆட்டத்துக்கும் மரபு உண்டு. 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடலை அமைத்த எட் ஹெட்ரிக், தான் இறந்தபின் அஸ்தியைத் தட்டுகளில் கலந்து வார்க்கச் சொன்னவர். அப்படியே செய்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு கோல்ஃப்மேல் அவ்வளவு பித்து?

டீ டைம் விஷயத்தில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். சனி, ஞாயிறு இரண்டையும் பறிப்பது அநியாயம். ஆனால் அவர்களுக்கு வேண்டிய நீளம் நம்முடையதில் பாதிதான். நம் நீளமான பார் ஃபைவ் ஹோல் ஒன்றில் அவர்களின் இரண்டு ஹோல் அடங்கும். நம் முதல் ஒன்பது ஹோலிலேயே அவர்களின் பதினெட்டையும் அமைத்தால், பின் ஒன்பதில் நாம் ஆடலாம். கேட்டுப் பார்த்தோமா?

கடிதத்தை நான் திருத்தி எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான்: பயிற்சிக்குத் தனி நேரம், மழையில் நிறுத்தும் அதிகாரம் புல்காரருக்கு, பின் ஒன்பது நமக்கு. சனிக்கிழமை 7:20 டீ டைமுக்கு நான் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிடுவேன். கார் டிக்கியில் என் மகளின் பழைய தட்டு ஒன்றும் கிடக்கிறது. பார்க்கிங் லாட்டில் யாராவது ஒரு தடவை வீசிப் பார்த்துவிட்டு, பிறகு எந்தக் கடிதத்தில் கையெழுத்து என்று முடிவுசெய்யலாம். என்னைப்போல் முதல் வீச்சிலேயே பக்கத்து வேன் கண்ணாடியைக் குறிவைக்க வேண்டாம், இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும்.

அன்புடன்,
உங்கள் குழுவில் 24 ஹேண்டிகேப் ஆட்டக்காரன்