வாசகர் வட்டம், இலக்கிய வினாடி வினாப் பிரிவு: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கடைசி ஞாயிறு கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் நின்றுபோன நவம்பர் கூட்டத்தை டிசம்பரோடு சேர்த்து நடத்தினோம்.

விடையாக வரும் நூல் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும், அதிலிருந்து சில பக்கமாவது வாசிக்கப்பட வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஆசிரியர் பெயரையும் விருது ஆண்டையும் ஒப்பித்துவிட்டுக் கலைந்து போவதில் என்ன பயன் என்று உறுப்பினர்கள் கேட்டதால் வந்த விதி இது. இந்த ஆண்டின் உருப்படியான காரியம் என்று இதைத்தான் சொல்வேன்.

தி. ஜானகிராமனுக்கு 1979இல் சாகித்திய அகாதெமி விருது எந்த நூலுக்குக் கிடைத்தது என்று கேட்டதும் அரங்கில் பலர் ‘மோகமுள்’ என்றார்கள். சிலர் ‘அம்மா வந்தாள்’ என்றார்கள். விடை, ‘சக்தி வைத்தியம்’ என்ற சிறுகதைத் தொகுதி. கிளை நூலகத்தில் வாங்கிவந்த, முதுகில் ஒட்டுப்போட்ட பிரதியிலிருந்து மூத்த உறுப்பினர் ஒருவர் தலைப்புக் கதையை வாசித்தார். இடையில் தேநீர் வந்தது. “நிறுத்தாதீங்கம்மா, டீ ஆறினா ஆறட்டும்” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. அன்று அந்தப் புத்தகத்தை அடுத்து யார் எடுத்துப் போவது என்று பெயர் எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

அதே கூட்டத்தில் கல்கியும் பாரதிதாசனும் கேள்விகளில் வந்தார்கள். 1954இல் மறைந்த கல்கிக்கு 1956இல் ‘அலை ஓசை’க்காகவும், 1964இல் மறைந்த பாரதிதாசனுக்கு 1969இல் ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்காகவும் விருது அளிக்கப்பட்டது. நோபலில் இப்படி உண்டா என்று ஒரு மாணவி கேட்டார். 1931இல் ஸ்வீடன் கவிஞர் கார்ல்ஃபெல்ட்டுக்கு மறைவுக்குப் பின் இலக்கியப் பரிசு தரப்பட்டது. 1974இல் விதியை இறுக்கிய பிறகு, அறிவிப்புக்குப் பின் இறந்தால் மட்டுமே உண்டு.

தாகூர் கூட்டம் நெடுநேரம் போனது. 1913ஆம் ஆண்டின் நோபலைச் சொல்லும்போது எல்லாரும் வங்காளிக் ‘கீதாஞ்சலி’யைத்தான் நினைக்கிறோம். ஸ்வீடனில் பெரிதும் படிக்கப்பட்டதோ, தாகூரே உரைநடைக் கவிதைகளாக ஆங்கிலத்தில் எழுதி 1912இல் லண்டனில் அதே பெயரில் வெளியான நூல். அதிலுள்ள 103 பாடல்களில் வங்காளிக் ‘கீதாஞ்சலி’யிலிருந்து வந்தவை ஏறத்தாழ பாதிதான். மற்றவை அவருடைய வேறு தொகுப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அடுத்த ஆண்டு இரண்டு நூல்களின் தமிழாக்கங்களையும் அருகருகே வைத்து வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மதிப்பெண் முறையில் ஒரு மாற்றம் செய்தோம். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூலுக்குத் தரப்படும் சர்வதேச புக்கர் பரிசின் தொகையான 50,000 பவுண்டு எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் போகிறது. நாமும் மொழிபெயர்ப்பாளர் பெயருக்குப் பாதி மதிப்பெண் என்று வைத்தோம். 2022இல் கீதாஞ்சலி ஸ்ரீயோடு டெய்சி ராக்வெல்லும், 2025இல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கோடு தீபா பஸ்தியும் அப்படித்தான் நம்மவர் வாயில் ஏறினார்கள். சிறுகதைத் தொகுதி ஒன்று அப்பரிசைப் பெற்றது பானு முஷ்தாக்கின் நூலால்தான் முதல்முறை. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2023இல் நெடும்பட்டியலுக்குப் போனதைச் சொன்னவர்களில் ஒருவருக்குத்தான் அதன் மொழிபெயர்ப்பாளர் அனிருத்தன் வாசுதேவன் பெயர் தெரிந்திருந்தது. இந்த நிலை மாற வேண்டும்.

பள்ளி மாணவர் சுற்று சிறப்பாக அமைந்தது. பொது அறிவுக் கையேடுகளில் ரஷ்ய எழுத்தாளர் பாஸ்டர்நாக்கையும் பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தரையும் ‘நோபலை மறுத்தவர்கள்’ என்று ஒரே வரியில் அடைத்துவிடுகிறார்கள். 1964இல் சார்த்தர் மறுத்தது தம் கொள்கைப்படி. 1958இல் பாஸ்டர்நாக் முதலில் மகிழ்ந்து ஏற்று, சோவியத் அரசின் நெருக்கடியால் விலகினார். பதக்கத்தை 1989இல் அவர் மகன் பெற்றுக்கொண்டார். இதைப் பிள்ளைகளே தேடிப் படித்து வந்து சொன்னார்கள்.

வரவு செலவை பொருளாளர் தனியே வாசிப்பார். நூல் வாங்கும் நிதியைச் சற்று உயர்த்தித் தரும்படி பொதுக்குழுவைக் கேட்டு, இவ்வறிக்கையை ஏற்பிற்காக முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்