புடைவைக்கடை முதலாளிமாருக்கு ஒரு தையல்காரியின் மடல்

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவுப் புடைவைக்கடை முதலாளிமாருக்கு வணக்கம்.

உங்கள் கடையில் எடுத்த உடுப்பை அடுத்த நாளே சனம் என்னிடம் கொண்டு வருகிறது. பிடிக்கிற இடத்தைத் தளர்த்தவேண்டும், தொங்குகிற இடத்தைப் பிடிக்கவேண்டும். அதனால் உங்கள் சரக்கின் உள்பக்கம் உங்களைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

"இப்ப இதுதான் பாஷன்" என்ற ஒரே வசனத்தில் கடையில் நிற்கும் பிள்ளைகள் வியாபாரத்தை முடித்துவிடுகிறார்கள். சாயம் போகுமா, இந்த வெயிலுக்கு உடுத்தலாமா என்று கேட்க வாயெடுத்த தாய் அதோடு அடங்கிவிடுகிறாள்.

பாஷன் கூடாது என்று சொல்ல வரவில்லை. சொன்னால் என் பிழைப்பும் போய்விடும். எங்கள் வடபகுதியில் யார் மேலாடை போடலாம், யார் நகை போடலாம் என்று சாதி பார்த்து அளந்த காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல், காசு தந்தால் எந்த உடுப்பையும் எடுத்துக் கொடுக்கிறீர்கள். அது சின்ன விசயமில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் வருசக்கணக்காகக் கிடந்த சனம், 2002இல் கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்தபோது புதுசாக ஒன்று உடுக்க ஆசைப்பட்டதையும் யாரும் பிழை சொல்ல ஏலாது.

ஆனால் பாஷனுக்கு ஆயுசு குறைவு. ஜோர்ஜ் சிம்மல் என்ற ஜெர்மன் அறிஞர் 1904இலேயே இதை எழுதிவிட்டார்: நாலு பேரைப் போல இருக்கவும் வேண்டும், நாலு பேருக்குள் தனியாகத் தெரியவும் வேண்டும், இந்த இரண்டு ஆசையிலும்தான் அது வாழ்கிறது. எல்லோரும் உடுத்தத் தொடங்கினால் முடிந்தது கதை. எங்கள் வன்னியில் இன்னும் மோசம். புது உடுப்பின் படம் கைபேசியில் அன்றைக்கே வந்துவிடுகிறது, சரக்குத்தான் ஊரெல்லாம் ஓடிவிட்டுப் பிந்தி வருகிறது. விலை மட்டும் புதுசு. சாமத்திய வீட்டுக்கு எடுத்த லெஹெங்கா அடுத்த கலியாண வீட்டுக்கே "பழசு" ஆகிவிடுகிறது.

அண்மையில் அப்படி ஒரு சட்டை வந்தது. முன்னுக்கு முழுக்கக் கல்லும் மணியும். திருப்பிப் பார்த்தால் உள்ளே மடித்துவிட்ட துணி கால் இஞ்சிகூட இல்லை. கமக்கட்டில் ஓவர்லொக் நூல் அப்போதே கழரத் தொடங்கியிருந்தது. பிரித்தால் துணி கிழியும். பிள்ளைக்கோ வளர்கிற வயது. தாய்க்கு என்ன சொல்ல?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுக்காரரின் உடுப்பைத் தைப்பது எங்கள் பிள்ளைகள்தான். அங்கே ஒரு தையல் கோணினாலும் தரம் பார்க்கிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். அதே பிள்ளை சம்பளக் காசோடு உங்கள் கடைக்கு வந்து எடுக்கிற பஞ்சாபிச் சட்டையை யார் பார்க்கிறார்கள்?

சரி, கேட்பது இதுதான். வருசப் பிறப்புக்குச் சரக்கு எடுக்கக் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போகும்போது நாலு உடுப்பையாவது உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் உள்ளே ஒவ்வொரு இஞ்சி துணி விட்டதாக, உள்துணி பருத்தியாக இருப்பதைக் கேட்டு எடுங்கள். கொஞ்சம் விலை கூடும். "பிறகு பிரித்துத் தைக்கலாம்" என்று கடைப்பிள்ளைகள் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் எங்கள் தாய்மார் அந்தக் கூடுதல் காசைத் தருவார்கள். சந்தேகமென்றால் மாதிரிக்கு ஒன்றை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
மாங்குளம் பக்கத்துத் தையல்காரி