கம்பனி நம்பர்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். தங்கச்சிக்குச் சோதனை முடிஞ்சுது. கிணத்தில தண்ணி அடியிலதான் கிடக்கு. பெரியப்பாவின்ட காணி விசயம் அப்படியேதான்.

போன செவ்வாய் உன்ட நம்பருக்கு எடுத்தன். வேற ஒரு பொடியன் எடுத்து, "இப்ப நான்தான் இந்த ஏரியா சேல்ஸ் ரெப், இது கம்பனி நம்பர்" எண்டான். அம்மாவுக்கு லைன் கிடைக்கேல்லை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். நான் ஒண்டும் கேக்கேல்லை தம்பி. போனில இதுகளைக் கதைக்க எனக்கு வராது.

பொதுவா ஒரு விசயம் சொல்லுறன். ஆர் என்ன தொழில் தொடங்கினாலும் கடனுக்குச் சாமான் குடுக்கக் கூடாது. ரெப்பா இருக்கேக்க ஓடர் எழுதினா டார்கெட் நிரம்பும். கடைக்காரன்ட செக் திரும்பினா மனேஜர் ஏசுவார். ஆனா 25ஆம் திகதி சம்பளம் வந்திடும். சொந்தக் கடையில திரும்பின செக் நேர குசினிக்குத்தான் வரும். 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்கு ஏறினதை நீயும் பாத்தனி. கடனுக்கு வித்தவனுக்குக் காசு முழுசா வந்தும், வித்த அளவுச் சாமானைத் திருப்பி வாங்க ஏலாமப் போச்சு. தோட்டத்துக்குத் தண்ணி மோட்டர் வாங்கிற நிலாவெளி வெங்காயக்காரர் நல்ல சனம்தான், ஆனா "வெங்காயம் வித்தாத் தாறன்" எண்டுதான் சொல்லுவினம். வெங்காயம் விலைப்படாட்டி என்ன செய்யிறது?

போன மாசம் தம்பலகாமத்துக்குப் போனன். அந்த ஹாட்வெயார் கடைக்காரர் என்னை நிப்பாட்டி, "மோட்டர் பழுது எண்டா அடுத்த நாளே வந்து நிக்கிற பொடியன் எங்க?" எண்டு கேட்டார். கம்பனிப் பேரை அவர் சொல்லேல்லை, உன்ட பேரைத்தான் சொன்னார். வீட்டுக்கு வரும் வரைக்கும் அதையேதான் நினைச்சுக்கொண்டு வந்தன். பொங்கலுக்கு வந்த நேரம் நீ சொன்னது ஞாபகம் இருக்கா? "மோட்டர் விக்க நூறு பேர் இருக்கினம் அப்பா, ஒரு சீலுக்கும் கப்பாசிட்டருக்கும் சனம் கொழும்பு பழைய சோனகத் தெருவுக்கு ஓடுது" எண்டாய். ஆறு வருசம் கடை கடையா ஏறி இறங்கினவனுக்குத்தான் அது தெரியும். எந்தச் சாமான் எந்த மாசம் ஓடும், ஆர் சொன்ன நாளில காசு தருவான், ஆர் ஒளிப்பான் எண்டதெல்லாம் உன்ட தலைக்குள்ள இருக்கு. அதை நம்பிக் கடன் குடுக்கலாம் எண்டு மட்டும் நினைச்சிடாத.

ஆனா எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். ஈபிஎஃப் சேமலாபக் காசுக்கு உன்னில 8 வீதம், கம்பனியில 12 வீதம். அது நிண்டுபோறது சின்ன விசயமா? அம்மா உனக்குப் பொம்பிளை பாக்கத் தொடங்கியிருக்கிறா. வாற ஆக்கள் வேலையைத்தான் முதல் கேப்பினம்.

சொல்லாமல் விட்டவன் எண்டு உன்னில கோவிக்க எனக்கு என்ன முகம் இருக்கு மகன்? 2009 ஒக்டோபரில கிண்ணியாப் பாலம் திறந்த கையோட, மூதூர்ப் பக்கம் ஏஜென்சி எடுக்கச் சொல்லி என்ட கம்பனிக்காரர் கேட்டவங்கள். அதுக்கு முந்திப் பாதைப் படகில வானை ஏத்தி இறக்கி அந்தப் பக்கத்துக் கடை எல்லாத்தையும் பிடிச்சுக் குடுத்தவன் நான்தானே. அம்மா சங்கிலியை அடகு வைச்சு டிப்போசிட்டுக்குக் காசு தந்தவ. நான் அந்த ஒபிஸ் வாசல் வரைக்கும் போய், தேத்தண்ணிக் கடையில ரெண்டு மணித்தியாலம் இருந்திட்டுத் திரும்பி வந்தன். சம்பளம் இல்லாத ஒரு மாசத்தை என்னால நினைச்சுப் பாக்க ஏலேல்லை. வீட்டில, அவங்கள் வேற ஆளுக்குக் குடுத்திட்டாங்கள் எண்டு சொன்னன். அண்டைக்கு நீ அந்தக் கம்பனிச் சவுக்காரத்தைத் தூக்கிக் கிணத்தடியில எறிஞ்சாய். பிறகு ஒரு நாளும் அதைத் தொடேல்லை. நான் பாத்துக்கொண்டு இருந்தன், வாய் திறக்கேல்லை. அம்மாவுக்கு இண்டைக்கும் தெரியாது.

மாரி தொடங்கினா வெங்காயத் தோட்டத்து மோட்டர் ஓடாது. மூண்டு மாசத்துச் செலவைக் கையில வைச்சுக்கொண்டு இறங்கு. பதிவுக்குப் பிரதேச செயலகத்தில கிராம சேவகரின்ட கடிதம் கேப்பினம், அதை நான் எடுக்கிறன். கடன் குடுக்காத.

முன்அறையில இருந்த நெல்லு மூட்டையை நேற்றுப் பின்னுக்கு மாத்திப்போட்டன். ஏன் எண்டு அம்மா கேட்டா, எலி எண்டு சொன்னன். தட்டு அடிக்கிறதெண்டா எத்தனை அடி வேணும் எண்டு புது நம்பரில இருந்து எடுத்துச் சொல்லு.

அப்பா